யார் ஜெயிப்பார் என்று தெரியாத பந்தயம்: கோவை கரிவரதனின் கதை

நீலாய், லாபு பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு சிப்பாங் பந்தயத் தளம் தூரமே இல்லை. நெகிரி செம்பிலான் எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். 1999 முதல் 2017 வரை ஆண்டுக்கொருமுறை அங்கே பார்முலா ஒன் நடந்தது. பிறகு டிக்கெட் விற்பனை குறைந்துவிட்டது, செலவு கட்டுப்படியாகவில்லை என்று அரசாங்கம் நிறுத்திக்கொண்டது.

டிக்கெட் விலை ஒரு காரணம்தான். ஆனால் மாமாக் கடையில் ஒரு தே தாரேக்கை வைத்துக்கொண்டு டிவியில் பார்த்தவர்களுக்கும் சலிப்புத் தட்டியதே, அது ஏன்? முதல் வளைவு தாண்டியதும் முடிவு தெரிந்துவிட்டால் மீதிச் சுற்றுகளை எதற்காகப் பார்ப்பது? 2002இல் நடந்த 17 பந்தயங்களில் 15ஐ பெராரி வென்றது. 2023இல் 22இல் 21 ரெட்புல் கணக்கில் போயின. ஓட்டுநர்கள் மோசமில்லை. முன்னால் போகிறவரின் கார் வேறு, பின்னால் வருகிறவரின் கார் வேறு. அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலை 1980களிலேயே தன் பட்டறையில் தீர்க்கப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். பெயர் சுந்தரம் கரிவரதன். பந்தய வட்டாரத்தில் சுருக்கமாக ‘கரி’.

1954இல் பிறந்தவர். 1910இல் தொடங்கிய லட்சுமி மில்ஸ் குடும்பத்தின் வாரிசு. பஞ்சாலைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவருக்கோ இன்ஜின் சத்தத்தின் மீதுதான் ஆசை. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கார் பந்தயம் என்றால் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. வெயிலில் ஆயிரக்கணக்கானோர் நின்று பார்ப்பார்கள். ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் செல்வந்தர்கள். வெளிநாட்டிலிருந்து நல்ல வண்டியை இறக்கியவர் முன்னால் போவார், உள்ளூர் வண்டியைத் தட்டிக்கொட்டித் தயார்செய்தவர் பின்னால் வருவார். விஜய் மல்லையா ஒரு பழைய பார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். அதோடு அம்பாசடர் இன்ஜின் எப்படி மோதும்?

கரியிடமும் பணம் இருந்தது. அவரும் முன்னணி ஓட்டுநர்தான். அப்படியே ஓட்டிக்கொண்டு, கோப்பைகளை அடுக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். என் பார்வையில் அவருடைய பெருமை, அதோடு நின்றுவிடாததுதான். 1983இல் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி. நம் ஊர் கஞ்சில் மாதிரி, குடும்பத்தோடு கடைக்குப் போகிற கார். அந்தச் சின்ன இன்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும், சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். பார்முலா மாருதி என்று பெயர். தனக்கு மட்டும் செய்துகொள்ளவில்லை. தன்னோடு மோதப்போகிறவர்களுக்கும் அதே காரைச் செய்து கொடுத்தார்.

இன்ஜின் ஒன்று, கார் ஒன்று என்றால் மிச்சம் இருப்பது கையும் காலும் தைரியமும்தான். எங்கே பிரேக் பிடிப்பது, எந்த வளைவில் உள்ளே நுழைவது என்பது தெரிந்தவர் ஜெயிப்பார். இங்கே நம் பையன்கள் ரசிக்கும் கப் பிரிக்ஸ் மோட்டார் சைக்கிள் பந்தயமும் 1994 முதல் இதே வழியில்தான் போகிறது. வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் வகை வண்டிதான் பந்தயத்துக்கும் அடிப்படை. அதனால்தான் கடைசிச் சுற்றுவரை நான்கைந்து பேர் ஒட்டிக்கொண்டே வருகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பார்முலா மாருதியும் ஏழைகளின் விளையாட்டு ஆகிவிடவில்லை. மில் தொழிலாளியின் மகனோ, இங்கே பால்மரம் வெட்டியவரின் மகனோ அதில் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. டயரும் எண்ணெயும் யார் வாங்கித் தருவது? ஆனால் கோடீஸ்வரர் மட்டுமே நுழையலாம் என்றிருந்த கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்தது. அப்பாவுக்கு வசதி சுமாராக இருந்தாலும், பட்டறைக்காரர் ஒருவரின் ஆதரவு கிடைத்தாலும், திறமையுள்ள பையன் முன்னால் வர வாய்ப்பு உண்டானது.

அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் கரியின் உறவினரான நரேன் கார்த்திகேயன். பார்முலா மாருதியில் தொடங்கியவர், 2005இல் ஜோர்டான் அணிக்காக பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவருடைய இரண்டாவது பந்தயமே நம் சிப்பாங்கில்தான். 2005 மார்ச் 20. அன்று 11ஆவதாக முடித்தார். அணியோ பின்வரிசை அணி. ஜெயிக்கமாட்டார் என்று தெரிந்தும், நம்மவர் ஒருவர் ஓட்டுகிறார் என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்! சென்னையின் கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியில் பட்டம் வென்று மேலே போனவர். 2010இல் அவரும் பார்முலா ஒன்னை எட்டி, அதே சிப்பாங்கில் ஓட்டினார்.

இதில் எதையும் கரி பார்க்கவில்லை. 1995 ஆகஸ்டில், நாற்பதைத் தாண்டிய வயதிலேயே, விமான விபத்தில் இறந்துபோனார். நரேனுக்கு அப்போது 18 வயது.

பார்முலா ஒன் நிர்வாகமும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2021 முதல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு வந்தது. அது வந்த பிறகும் 2023 போன்ற ஒரு சலிப்பான ஆண்டைப் பார்த்தோம் என்பது உண்மை. ஆனால் 2024இல் ஏழு ஓட்டுநர்கள் ஆளுக்கு இரண்டு பந்தயமாவது வென்றார்கள். கார்கள் நெருங்கினால் ஆட்டம் சூடு பிடிக்கிறது.

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் ஒரு பந்தயத் தளம் திறக்கப்பட்டது. கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். உறவினரைப் பார்க்கக் கோவைப் பக்கம் போகிறவர்கள், பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். ஒரே மாதிரியான சின்னக் கார்கள்தான் அங்கே இன்றும் வரிசையில் நிற்கின்றன.