நிலவறையில் நான்கு இரவுகள்: ஜான் கோல்ட்ரேனும் ஒரு நேரடி இசைத்தட்டும்

1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் வாரத்தில், நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் உள்ள வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை இசையரங்கில் ஒலிப்பதிவுக் கருவிகள் பொருத்தப்பட்டன. மேடையில் நின்றவர் 35 வயதான சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். நவம்பர் 1, 2, 3, 5 ஆகிய நான்கு இரவுகளில் அங்கு பதிவான இசையிலிருந்து மூன்று உருப்படிகள் மட்டும் தெரிவு செய்யப்பட்டு, மறு ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தன. அமெரிக்க ஜாஸ் உலகை அந்த இசை இரண்டாகப் பிரித்தது.

இப்படியொரு சர்ச்சைக்குள் இறங்க வேண்டிய தேவை எதுவும் கோல்ட்ரேனுக்கு அப்போது இருக்கவில்லை. அதே ஆண்டின் முற்பகுதியில், 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகத்தின் பாடல் ஒன்றை சொப்ரானோ சாக்ஸபோனில் அவர் விரித்து வாசித்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' இசைத்தட்டு, ஜாஸ் ரசிகர்களைத் தாண்டியும் வரவேற்பைப் பெற்றிருந்தது. இம்பல்ஸ் என்ற புதிய இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்திருந்தது. கைகூடிய வழியிலேயே இன்னும் பல ஆண்டுகள் அவர் நடந்திருக்கலாம்.

மரணங்களோடு தொடங்கிய இளமை

வட கரோலினா மாநிலத்தின் ஹாம்லெட் என்ற சிற்றூரில் 1926ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் தேதி கோல்ட்ரேன் பிறந்தார். கறுப்பினத்தவருக்கும் வெள்ளையினத்தவருக்கும் பள்ளிக்கூடம் முதல் குடிநீர்க் குழாய் வரை சட்டப்படி பிரிக்கப்பட்டிருந்த தென் மாநிலங்களில் ஒன்று அது. தாய்வழிப் பாட்டனார் தேவாலயப் போதகர். தந்தை தையற்காரர்; ஓய்வு நேரத்தில் இசைக்கருவிகளை வாசிப்பவர். கோல்ட்ரேனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, சில மாத இடைவெளிக்குள் தந்தையும் பாட்டனாரும் பாட்டியும் அடுத்தடுத்து இறந்தனர். குடும்பத்தைக் காப்பாற்றத் தாய் வீட்டு வேலைக்குச் சென்றார். சிறுவன் இசைக்குள் ஒதுங்கியது அந்தக் காலகட்டத்தில்தான்.

1943இல் பிலடெல்ஃபியா நகருக்குக் குடிபெயர்ந்த அவருக்குத் தாய் ஒரு சாக்ஸபோனை வாங்கிக் கொடுத்தார். கடற்படையில் ஓராண்டுச் சேவை, பிறகு பல குழுக்களில் வாசிப்பு என்று காலம் கழிந்தது. 1955இல் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் இடம் கிடைத்தபோது, கோல்ட்ரேன் ஹெராயினுக்கும் மதுவுக்கும் அடிமையாகியிருந்தார். 1957இல் டேவிஸ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்.

பிலடெல்ஃபியாவில் உள்ள வீட்டுக்குத் திரும்பிய கோல்ட்ரேன், மனைவி நைமாவும் தாயும் துணையிருக்க, ஹெராயினை அடியோடு விட்டார். அந்த மீட்சியை இறைவனின் அருளாகவே அவர் கருதினார். அதற்குப் பின் வாழ்ந்த பத்தே ஆண்டுகளில்தான், இன்று அவரது பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் இசை ஏறக்குறைய முழுவதும் பிறந்தது. அதே ஆண்டு பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்குடன் நியூயார்க்கில் பல மாதங்கள் வாசித்தார். பின்னர் மீண்டும் டேவிஸின் குழுவில் சேர்ந்து, 1959இல் பதிவான 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டில் இடம்பெற்றார். 1960இல் தனிக் குழு அமைத்தார்.

முக்கோண அறையில் ஒரு பரிசோதனை

வில்லேஜ் வேன்கார்ட் 1935இல் தொடங்கப்பட்ட அரங்கு. செங்குத்தான படிகளில் இறங்கினால் வரும் முக்கோண வடிவ அறை; நூறுக்குச் சற்று அதிகமானோர் மட்டுமே அமரக்கூடிய இடம். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் அங்கு கருவிகளோடு வந்தார். தயாரிப்பாளர் பாப் தீல், கோல்ட்ரேனுடன் பணியாற்றியது அதுவே முதல் முறை.

பியானோவில் மெக்கோய் டைனர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ், பேஸில் ரெஜி வொர்க்மன், ஜிம்மி காரிசன் என்ற இருவர். இவர்களோடு, பேஸ் கிளாரினெட், ஆல்ட்டோ சாக்ஸபோன் ஆகியவற்றை வாசித்த எரிக் டால்ஃபி. நண்பர்களான கோல்ட்ரேனும் டால்ஃபியும் அந்த மாதங்களில் ஆப்பிரிக்க, இந்திய இசை வடிவங்களை ஆர்வத்தோடு கேட்டுக் கொண்டிருந்தனர். அந்த இரவுகளில் வாசிக்கப்பட்ட உருப்படிகளில் ஒன்றுக்கு 'இந்தியா' என்றே பெயர். சுருதி மாறாமல் ஒலிக்கும் தளத்தின் மீது ஒரே சுர வரிசையை நெடுநேரம் விரித்துச் செல்லும் வாசிப்பு அது. அந்தச் சுருதித் தளத்துக்காகவே இரண்டு பேஸ் கருவிகள் ஒருசேரப் பயன்பட்டன. ஆலாபனை கேட்டுப் பழகிய செவிகளுக்கு அதன் நோக்கம் எளிதில் விளங்கும். நியூயார்க் ரசிகர்கள் பலருக்கு அது விளங்கவில்லை.

ஆனால், 1962இல் வெளிவந்த இசைத்தட்டில் 'இந்தியா' சேர்க்கப்படவில்லை; அது அடுத்த ஆண்டில் வேறொரு தட்டில் வெளியானது. முதல் தட்டின் ஒரு பக்கத்தை முழுமையாக நிரப்பியது 'சேஸின் த டிரேன்'. முன்கூட்டி எழுதப்பட்ட மெட்டு இல்லை. பியானோ ஒதுங்கிக் கொள்கிறது. பன்னிரண்டு அளவுகள் கொண்ட எளிய புளூஸ் சட்டகத்தை வைத்துக் கொண்டு, பேஸும் டிரம்ஸும் மட்டும் உடன்வர, சுமார் பதினாறு நிமிடங்கள் கோல்ட்ரேன் இடைவிடாது வாசிக்கிறார். சாக்ஸபோன் சில இடங்களில் அலறுகிறது, சில இடங்களில் இரண்டு குரல்களாகப் பிளவுபடுகிறது. இதை முதல் முறை கேட்பவர் பாதியில் நிறுத்திவிட்டால் வியப்பதற்கில்லை. ஆயினும், ஒரு கலைஞர் கூட்டத்தின் முன்னிலையில், தப்பிச் செல்ல வழியே வைக்காமல் தன்னைச் சோதித்துப் பார்ப்பதை இவ்வளவு நெருக்கமாகப் பதிந்த ஒலித்தட்டுகள் மிகக் குறைவு.

விமர்சகர்களின் தாக்குதல்

இசைத்தட்டு வெளிவரும் முன்பே தாக்குதல் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இக்குழுவைக் கேட்டிருந்த விமர்சகர் ஜான் டைனன், டவுன் பீட் சஞ்சிகையின் 1961 நவம்பர் இதழில், இது ஜாஸுக்கே எதிரான இசை என்ற பொருளில் எழுதினார். தட்டு வந்தபின் இந்தச் சர்ச்சை மேலும் வலுத்தது. 1958இல் கோல்ட்ரேனின் வேகமான சுரப் பொழிவை ஒலித் தகடுகள் என்று வருணித்து, அவருக்கு நிலைத்த அடைமொழி தந்தவர் ஐரா கிட்லர். அதே கிட்லரே இம்முறை பொறுமையிழந்து எழுதினார்.

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவர் உருவாக்கிய இசை. அதன் எல்லையை வகுத்துச் சொல்லும் அதிகாரமோ பெரும்பாலும் வெள்ளையின விமர்சகர்களின் கையில் இருந்தது. இந்த முரண்பாடு அப்போது வெளிப்படையாக அதிகம் பேசப்படவில்லை. கோல்ட்ரேனும் அதைக் கையிலெடுக்கவில்லை. 1962 ஏப்ரலில் அதே சஞ்சிகையில் டால்ஃபியுடன் சேர்ந்து பதிலளித்தபோது, கோபத்தைவிட விளக்கும் விருப்பமே அவரிடம் மேலோங்கியிருந்தது. பிரபஞ்சத்தில் தான் உணரும் அற்புதங்களைக் கேட்பவருக்குக் காட்டுவதே இசைக் கலைஞரின் பணி என்பது அவரது வாதம்.

அடுத்து வந்த மாதங்களில் அவர் பதிவு செய்த தட்டுகள் வேறு விதமானவை. டியூக் எலிங்டனுடன் ஒன்று, பாடகர் ஜானி ஹார்ட்மனுடன் ஒன்று, மென்மையான காதல் பாடல்களைக் கொண்ட ஒன்று. விமர்சகர்களைச் சாந்தப்படுத்தவே இவை பதிவு செய்யப்பட்டன என்று கருதுவோர் உண்டு. பின்வாங்கல் என்று இதைச் சொல்வது சரியாகாது. மேடைகளில் அவர் தேடலைத் தொடர்ந்து கொண்டேதான் இருந்தார். 1964 டிசம்பரில் ஒரே நாளில் பதிவான 'எ லவ் சுப்ரீம்', அந்தத் தேடலுக்குப் பெரும் ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தது. அதைக் கேட்க டால்ஃபி உயிரோடு இல்லை. கண்டறியப்படாத நீரிழிவு நோயால், அதே ஆண்டு ஜூன் மாதம் பெர்லினில் 36 வயதில் அவர் இறந்திருந்தார்.

சித்தார் மேதை ரவி ஷங்கர் மீது கோல்ட்ரேன் கொண்டிருந்த மதிப்பு, 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயரிடும் அளவுக்கு இருந்தது. அந்த மகனும் பின்னாளில் சாக்ஸபோன் கலைஞரானார்.

1966 மே மாதம், இரண்டாவது மனைவியும் பியானோ கலைஞருமான ஆலிஸ் இடம்பெற்ற புதிய குழுவோடு கோல்ட்ரேன் அதே நிலவறையில் மீண்டும் ஒரு நேரடித் தட்டைப் பதிவு செய்தார். முதல் தட்டைவிட அது இன்னும் கடினமான இசை. 1967 ஜூலை 17ஆம் தேதி, கல்லீரல் புற்றுநோயால், நாற்பதாவது வயதில் அவர் காலமானார்.

கணவரின் மறைவுக்குப் பின் துயரில் ஆழ்ந்திருந்த ஆலிஸ், கோவை மாவட்டம் செட்டிபாளையத்தில் பிறந்து நியூயார்க்கில் யோகம் கற்பித்து வந்த சுவாமி சச்சிதானந்தாவிடம் ஆறுதல் தேடினார். 1971இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு அந்தத் தமிழரின் பெயரைத் தாங்கியது. அதில் தம்பூராவின் சுருதியே இசைக்கு அடித்தளமாக ஒலிக்கிறது.

வேன்கார்டில் அந்த நான்கு இரவுகளில் பதிவானவை 1997இல் நான்கு குறுந்தகடுகளாக ஒருசேர வெளியிடப்பட்டன. அதே 1961ஆம் ஆண்டில், சில மாதங்கள் முன்னதாக, கோல்ட்ரேனும் டால்ஃபியும் வில்லேஜ் கேட் என்ற வேறொரு நியூயார்க் அரங்கில் வாசித்ததைப் பதிந்த நாடா ஒன்று நெடுங்காலம் நினைவிலிருந்து மறைந்திருந்தது. நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்கலைப் பிரிவில் கிடைத்த அது, 2023இல் இசைத்தட்டாக வந்தது.