ஆறாம் எண் ஜெர்சி

ஒருவர் வெற்றி பெற்றால் அவருடைய திறமையைப் புகழ்கிறோம்; உழைப்பையும் புகழ்கிறோம். அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. கற்றுக் கொடுத்தவர் அதற்காக எதை இழந்தார் என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

ஆங்கிலக் காற்பந்தை இரவு கண்விழித்துப் பார்க்கும் நம்மில் பலருக்குப் பாபி மூர் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1966ஆம் ஆண்டு இங்கிலாந்து முதன்முதலாக உலகக் கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவராக இருந்தவர் அவர். சக ஆட்டக்காரர்களின் தோள்மீது அமர்ந்து கிண்ணத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் அவருடைய படம் உலகப் புகழ்பெற்றது. அந்தப் படத்திற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், பதினேழு வயதுப் பையனாக, உடை மாற்றும் அறையில் கையில் ஒரு ஜெர்சியுடன் அவர் தவித்து நின்ற மாலைப்பொழுது ஒன்று உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மூர் என்ற ஆட்டக்காரர் எப்படி உருவானார் என்பதை அறிய வேண்டுமானால் அந்த மாலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மெதுவாக ஓடும் பையன்

ராபர்ட் மூர் 1941ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், கிழக்கு லண்டனை ஒட்டியுள்ள பார்க்கிங் என்னும் ஊரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த அந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்குப் பந்துதான் பொழுதுபோக்கு. தொடக்கப்பள்ளியை உள்ளூரில் முடித்தபின் லெய்ட்டனில் இருந்த டாம் ஹூட் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பள்ளிக் குழுவிலும் வட்டாரக் குழுவிலும் ஆடத் தொடங்கினார்.

பிறவி மேதை என்று யாரும் அவரைக் கொண்டாடவில்லை. அவரை நோட்டமிட வந்த வெஸ்ட் ஹேம் குழுவின் பிரதிநிதி, பையனிடம் விடாமுயற்சியும் உழைப்பும் இருக்கின்றன, ஆனால் உலகையே வியக்க வைக்கும் ரகம் அல்ல என்ற பொருளில்தான் குறிப்பு எழுதினார். அந்தக் கணிப்பைக் குறை சொல்லவும் முடியாது. மூருக்கு வேகம் இல்லை. உயரமாக எம்பித் தலையால் முட்டும் திறனும் பெரிதாக இல்லை. தற்காப்பு ஆட்டக்காரருக்கு மிகத் தேவையானவை என்று கருதப்பட்ட இரண்டும் அவரிடம் இல்லை. ஆயினும் 1956இல், பதினைந்து வயதில், வெஸ்ட் ஹேம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

ஆசான் மால்கம் எலிசன்

அப்போது வெஸ்ட் ஹேம் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த குழு. நிர்வாகி டெட் ஃபென்டன். ஆனால் ஆட்டக்காரர்களின் சிந்தனையை மாற்றியவர் குழுவின் தலைவராக இருந்த நடுத் தற்காப்பு ஆட்டக்காரர் மால்கம் எலிசன். 1927இல் பிறந்த இவர், இராணுவப் பணியின்போது ஆஸ்திரியாவில் இருந்தவர். ஐரோப்பியர்கள் பந்தை வைத்தே பயிற்சி செய்வதை நேரில் கண்டவர். இங்கிலாந்திலோ பயிற்சி என்றால் திடலைச் சுற்றி ஓடுவதுதான். 1953இல் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என்ற கணக்கில் வீழ்த்தியபோது, பழைய முறைகளின் காலம் முடிந்துவிட்டது என்பது எலிசனுக்கு உறுதியாயிற்று.

அப்டன் பார்க் அரங்கத்துக்கு அருகே கசெட்டாரி என்ற ஓர் உணவுக்கடை இருந்தது. பயிற்சி முடிந்ததும் எலிசனும் நண்பர்களும் அங்கே போய் அமர்வார்கள். உப்புக் குடுவையையும் மிளகுத்தூள் குடுவையையும் ஆட்டக்காரர்களாக்கி மேசைமீது நகர்த்தி, மணிக்கணக்கில் ஆட்ட வியூகங்களை விவாதிப்பார்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசுவதெல்லாம் வீண்பேச்சு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்த நோயல் கேன்ட்வெல், ஜான் பான்ட், டேவ் செக்ஸ்டன், ஃப்ராங்க் ஓஃபாரல் ஆகியோர் பின்னாளில் குழுக்களின் நிர்வாகிகளாக உயர்ந்தார்கள். செக்ஸ்டனும் ஓஃபாரலும் மென்செஸ்டர் யுனைடெட் குழுவையே வழிநடத்தினார்கள்.

எலிசன் மாலை வேளைகளில் இளையோருக்குப் பயிற்சி அளித்தார். அங்கேதான் மூர் அவர் கண்ணில் பட்டார். மற்றவர்கள் பையனிடம் இல்லாததைப் பார்த்தார்கள். எலிசன் இருப்பதைப் பார்த்தார். சொன்னதைக் கூர்ந்து கேட்கும் பொறுமையும், கேட்டதைத் திடலில் செய்து பார்க்கும் பிடிவாதமும் அவனிடம் இருந்தன. அதற்கு மேல் ஒரு மாணவனிடம் ஆசிரியர் எதை எதிர்பார்க்க முடியும்?

மாடிப் பேருந்தில் ஒரு பாடம்

மூர் வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்த ஒரு பாடம் பயிற்சித் திடலில் நடந்ததல்ல. ஒருநாள் இருவரும் பேருந்தின் மேல்தளத்தில் ஒன்றாகப் பயணம் செய்துகொண்டிருந்தனர். அப்போது எலிசன் பேச்சுவாக்கில் ஒரு கருத்தைச் சொன்னார். ஆட்டம் நடக்கும்போது ஒவ்வொரு விநாடியும், இப்போது பந்து என்னிடம் வந்தால் அதை யாருக்குக் கொடுப்பேன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரியல் மாட்ரிட் குழுவின் டி ஸ்டெஃபானோ மற்றவர்களைவிட உயர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம் என்றும் அவர் விளக்கினார்.

இருட்டில் இருந்தவனுக்கு வெளிச்சம் கிடைத்தது போல இருந்தது மூருக்கு. கால்கள் மெதுவாக ஓடினால் என்ன? மூளை முன்கூட்டியே ஓடினால் போதுமே! பந்து எங்கே வரும் என்று முன்னரே கணித்து அங்கே போய் நின்றுவிட்டால் எதிராளியைத் துரத்த வேண்டியதில்லை. பந்து கைவசமான பிறகு யோசிப்பவனைவிட, யோசித்து முடித்தபின் பந்தைப் பெறுபவன் எப்போதும் ஒரு படி முன்னால் இருப்பான். வேகமில்லாத ஒருவர் உலகின் தலைசிறந்த தற்காப்பு ஆட்டக்காரராக மாறியதன் இரகசியம் இதுதான்.

ஒரே ஜெர்சி, இருவர்

1957ஆம் ஆண்டு செப்டம்பரில் ஷெஃபீல்டுக்குச் சென்று ஆடிய ஓர் ஆட்டத்திற்குப் பின் எலிசன் நோயுற்றார். காசநோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். ஒரு நுரையீரலை அகற்ற வேண்டியதாயிற்று. அவர் மருத்துவமனையில் கிடந்த அந்தப் பருவத்தில்தான் வெஸ்ட் ஹேம் இரண்டாம் பிரிவை வென்று, 1932க்குப் பிறகு முதன்முறையாக முதல் பிரிவுக்கு உயர்ந்தது. தான் உருவாக்கிய குழு தான் இல்லாமலே சிகரத்தைத் தொட்டுவிட்டது. முதல் பிரிவில் ஓர் ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்பது எலிசனின் ஆசை. ஒற்றை நுரையீரலுடன் மீண்டும் பயிற்சியில் இறங்கினார். மாற்றுக் குழுவில் ஆடும் அளவுக்குத் தேறினார்.

1958 செப்டம்பர் 8, திங்கட்கிழமை. அப்டன் பார்க்கில் மென்செஸ்டர் யுனைடெட் குழுவுடன் ஆட்டம். அதே ஆண்டு பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் எட்டு ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்து, மீண்டெழுந்து வந்த குழு அது. வெஸ்ட் ஹேமில் இடதுபுற நடுத்தற்காப்பில் ஆட வேண்டியவர்கள் காயமுற்றிருந்தனர். ஆறாம் எண் ஜெர்சி காலியாக இருந்தது. ஒருபுறம், மூன்று நாள்களுக்கு முன்புதான் 31 வயதை எட்டிய எலிசன். மறுபுறம், நிபுணத்துவ ஆட்டக்காரராக ஒப்பந்தமாகி இரண்டரை மாதங்களே ஆன 17 வயது மூர்.

முடிவெடுக்கத் தயங்கிய ஃபென்டன், அணித்தலைவர் கேன்ட்வெல்லிடம் கருத்துக் கேட்டார். கேன்ட்வெல் எலிசனின் நெருங்கிய நண்பர். கசெட்டாரி மேசையில் அவருடன் அமர்ந்தவர். நட்பு ஒரு பக்கம் இழுத்தது. குழுவின் நலன் மறுபக்கம் இழுத்தது. அவர் சொன்ன பெயர் மூர்.

ஆசானைத் தாண்டி மாணவனுக்கு அந்த ஜெர்சி கிடைத்தது. தான் ஆட வேண்டும் என்றும், அதே அளவுக்கு எலிசன் ஆட வேண்டும் என்றும் அந்த வேளையில் தன் மனம் விரும்பியதாக மூர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். தனக்குத் தெரிந்த அனைத்தையும் கற்பித்தவர், இந்த ஓர் ஆட்டத்துக்காகவே நோயோடு போராடியவர், வெளியே உட்கார வேண்டும். எலிசன் உடை மாற்றும் அறைக்கு வந்து பையனை வாழ்த்தினார். ஜெர்சியை அவரிடமே கொடுத்துவிடலாமா, நமக்கு இன்னொரு நாள் வராமலா போகும் என்று மூருக்கு ஒரு கணம் தோன்றியது. எலிசன் வெளியேறினார். அந்த இன்னொரு நாள் வராமலேயே போய்விட்டால்? மூர் ஜெர்சியை அணிந்துகொண்டார்.

வெஸ்ட் ஹேம் 3-2 என்ற கணக்கில் வென்றது. அரங்கம் ஆர்ப்பரித்தது. எலிசனோ அதற்குப் பிறகு முதல் பிரிவில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார்.

தோல்வியும் காத்திருப்பும்

ஒரே ஆட்டத்தில் மூர் நட்சத்திரமாகிவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். அடுத்த ஆட்டத்தில் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் குழுவிடம் வெஸ்ட் ஹேம் 0-4 எனத் தோற்றது. மூர் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் ஐந்துதான். அடுத்த பருவத்தில் 13. மூன்றாவது பருவத்தில்தான், 38 ஆட்டங்களுடன், அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. இங்கிலாந்து இளையோர் அணியிலும் ஆடி அனுபவம் பெற்றார். அந்த அணிக்காக மொத்தம் 18 ஆட்டங்களில் களமிறங்கினார்.

1961 ஏப்ரலில் ரான் கிரீன்வுட் வெஸ்ட் ஹேம் நிர்வாகியானார். மூரைச் சிறுவயது முதலே அறிந்தவர் அவர். எதிராளியை விடாமல் ஒட்டிக்கொண்டு ஓட வேண்டிய இடத்திலிருந்து மூரை விடுவித்து, நடுத் தற்காப்பு ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஆட்டத்தைப் படித்து, இடைவெளிகளை அடைத்து, பந்தைப் பறித்து, உடனே தாக்குதலைத் தொடங்கி வைப்பது அவர் பணியாயிற்று. எலிசன் விதைத்த சிந்தனைக்குக் கிரீன்வுட் தகுந்த நிலம் கொடுத்தார்.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தன. 1962 மே 20இல் பெருவின் லிமா நகரில் இங்கிலாந்து அணிக்காக முதன்முதலாக ஆடினார். அந்த ஆண்டு சிலியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்து ஆடிய எல்லா ஆட்டங்களிலும் இடம்பெற்றார். 1963 மே 29இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக இங்கிலாந்துக்குத் தலைமையேற்றபோது அவருக்கு வயது 22. அதுவரை அவ்வளவு இளம் வயதில் அப்பொறுப்பை ஏற்றவர் இல்லை. 1964இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற வெஸ்ட் ஹேமின் தலைவரும் அவரே. அதே ஆண்டின் இறுதியில் அவருக்கு விதைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. வெளியே யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஆண்டே மீண்டுவந்து, வெஸ்ட் ஹேமுக்கு ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றையும் பெற்றுத் தந்தார்.

பாடம் பலித்த நாள்

1966 ஜூலை 30. வெம்பிளி அரங்கில் மேற்கு ஜெர்மனிக்கு எதிரான உலகக் கிண்ண இறுதியாட்டம். கூடுதல் நேரத்தின் கடைசி விநாடிகள். இங்கிலாந்து 3-2 என முன்னணியில் இருக்கிறது. பந்து மூரிடம் வருகிறது. அதுவும் தன் கோல் முனைக்கு மிக அருகில். பந்தை அரங்கத்துக்கு வெளியே உதைத்துத் தள்ளும்படி பக்கத்தில் நின்ற ஜேக் சார்ல்டன் கத்துகிறார். வேறு எந்தத் தற்காப்பு ஆட்டக்காரரும் அதைத்தான் செய்திருப்பார். மூர் செய்யவில்லை. பதற்றமின்றிப் பந்தைக் கட்டுப்படுத்தி, தலை நிமிர்ந்து பார்த்து, வெகு தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜெஃப் ஹர்ஸ்டுக்கு அளந்து கொடுத்தார். ஹர்ஸ்ட் அதை நான்காவது கோலாக்கினார்.

இப்போது பந்து என்னிடம் வந்தால் யாருக்குக் கொடுப்பேன்? பேருந்தின் மேல்தளத்தில் பிறந்த அந்தக் கேள்விக்கு மூர் தந்த மிகச் சிறந்த விடை அது.

இருவரின் பிற்காலம்

மூர் இங்கிலாந்துக்காக 108 ஆட்டங்கள் ஆடினார். அவற்றில் 90 ஆட்டங்களில் தலைவராக இருந்தார். 1993 பிப்ரவரி 24ஆம் நாள், 51 வயதில், குடல் புற்றுநோயால் மறைந்தார். 2007இல் புதிய வெம்பிளி அரங்கின் முன் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. வெஸ்ட் ஹேம் 2008இல் ஆறாம் எண் ஜெர்சிக்கே ஓய்வு கொடுத்தது.

எலிசனும் முடங்கிவிடவில்லை. ஆடும் வாழ்க்கை முடிந்தபின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார். பின்னர் ஜோ மெர்சருடன் சேர்ந்து மென்செஸ்டர் சிட்டி குழுவை 1968இல் லீக் வெற்றியாளராக்கினார். 2010இல் காலமானார்.

அன்று மூர் ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அது நன்றியாகத் தோன்றியிருக்கும். ஆனால் எலிசன் கற்பித்தது திடலில் வெளிப்படாமலே போயிருக்கலாம். ஆசானுக்குச் செலுத்தும் நன்றி சில வேளைகளில் அவருடைய இடத்தில் நின்று, அவர் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்வதுதான். மனத்துயரை விழுங்கிக்கொண்டு மாணவனை வாழ்த்திய எலிசனின் பெருந்தன்மையும் அதற்கு இணையானது.

பல்கலைக்கழகத்தில் நமக்கும் வழிகாட்டிய மூத்தோர் இருக்கிறார்கள். நாளை நம் இடத்துக்கு வர இளையோர் காத்திருக்கிறார்கள். ஒரு நாள் நம் கையிலும் ஒரு ஜெர்சி வந்து சேரும். இன்னொரு நாள் அது நம் கையைவிட்டுப் போகும். இரண்டு நாள்களிலும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே முக்கியம்.