கணினியின் உறுப்புகளை வகுத்த சாள்ஸ் பாபேஜ்

நம் மாணவர் ஒரு கணினியின் மூடியைத் திறந்து நோக்குவராயின், மத்திய செய்முறை அலகு ஓரிடத்தும், நினைவகம் பிறிதோரிடத்தும், வன்தட்டு வேறோரிடத்தும் தனித்தனியே அமைந்திருத்தலைக் காண்பர். ஓர் உறுப்பை நீக்கி அதனினும் சிறந்ததைப் பொருத்துதற்கு இடந்தருவது இவ்வமைப்பே. மின்விளக்கு வீடுகளிற் புகுமுன்னரே இத்தகைய பாகுபாட்டைத் தம் அறிவாற் கண்டவர் சாள்ஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலக் கணிதப் பேரறிஞர்.

அவர் 1791 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26 ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒரு வங்கியாளரின் மகனாகப் பிறந்தார். 1810 இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் புகுந்து கணிதம் பயின்றார். 1828 முதல் 1839 வரை, முன்னர் நியூற்றன் வீற்றிருந்த கணிதப் பேராசிரியர் பதவி அவருக்கு உரியதாயிற்று.

அக்காலத்து வானியலாரும் மாலுமிகளும் அச்சிட்ட கணித அட்டவணைகளையே நம்பியிருந்தனர். அவற்றிலோ பிழைகள் மலிந்திருந்தன. 1821 இல் தம் நண்பர் ஜோன் ஹேர்ஷலுடன் அத்தகைய அட்டவணைகளை ஒப்புநோக்குகையில், இப்பணியைப் பொறியொன்றினிடம் ஒப்படைத்தல் வேண்டுமென்ற எண்ணம் பாபேஜுக்கு வலுப்பெற்றது. பெருக்கலின்றிக் கூட்டலாலேயே அட்டவணை அமைக்கும் வித்தியாசப் பொறியை வகுத்தார். 1823 இல் அரசு பொருளுதவி அளித்தது. 1832 இல் அதன் ஒரு சிறு பகுதி பொருத்தப்பட்டுச் செவ்வனே இயங்கிற்று. ஆயின், மறு ஆண்டே தலைமைக் கம்மியர் ஜோசப் கிளெமென்றுடன் பிணக்கு ஏற்பட, வேலை நின்றது. 17,000 பவுணுக்கு மேற் செலவிட்ட அரசு 1842 இல் முயற்சியைக் கைவிட்டது.

இதனிடையே, 1834 அளவில், பாபேஜின் உள்ளத்தில் அதனினும் பெரிய பகுப்புப் பொறி உருவாயிற்று. இதன் சிறப்பு உறுப்புப் பாகுபாட்டிலேயே உள்ளது. எண்களை இருத்திவைக்கும் பகுதியைப் பண்டசாலை என்றும், கணக்கைச் செய்யும் பகுதியை ஆலை என்றும் அவர் பெயரிட்டார். பண்டசாலை 50 இலக்கங்கள் கொண்ட 1,000 எண்களைத் தாங்கவேண்டுமெனக் கருதினார். கட்டளைகளை ஊட்டுதற்கு, பிரான்சு நாட்டு ஜக்காட் என்பார் பட்டுத் தறியிற் கையாண்ட துளையிட்ட அட்டைகளைக் கொண்டார். விடையை அச்சிடவும் ஓர் உறுப்பு அமைத்தார். பண்டசாலை இன்றைய நினைவகம், ஆலை மத்திய செய்முறை அலகு, அட்டை உள்ளீடு, அச்சுறுப்பு வெளியீடு. கிடைத்த விடைக்கேற்ப அடுத்த செயலை மாற்றும் வகையும் அதில் இருந்தது. 1843 இல் அடா லவ்லேஸ் அம்மையார் அப்பொறியின் ஆற்றலை விரிவான குறிப்புகளால் உலகுக்கு விளக்கினார்.

அந்தோ! அப்பொறியும் முற்றுப்பெறவில்லை. ஒன்று முடியுமுன்னரே அதனினும் சிறந்தது அவர் கருத்திற் புலப்படும், வரைபடத்தைத் திருத்துவார், திருத்தியதை மீண்டும் திருத்துவார். 1847 முதல் 1849 வரை வித்தியாசப் பொறியையே குறைந்த உறுப்புகளுடன் புதிதாக வரைந்தார். அதனையும் கட்டுவோர் இலர். 1871 ஆம் ஆண்டு ஒக்டோபர் 18 ஆம் நாள் மனக்குறையோடு இவ்வுலகை நீத்தார். அவருடைய இருநூறாவது பிறந்த ஆண்டாகிய 1991 இல், இலண்டன் விஞ்ஞான நூதனசாலையார் அவ்வரைபடத்தின்படியே கணிக்கும் பகுதியைக் கட்டிமுடித்தனர். அது பிழையின்றி இயங்கிற்று.

இவ்வரலாற்றில் மாணவர் கொள்ளத்தக்க பாடம் இரண்டு. கணினி மந்தமாயின் முழுவதையும் மாற்ற முந்துதல் வேண்டா. குறை பண்டசாலையிலா, ஆலையிலா என முதலில் ஆராய்க. நினைவகம் போதாதவிடத்து விலையுயர்ந்த செய்முறை அலகை வாங்குதல் வீண் செலவாகும். புதிய உறுப்பைத் தாய்ப்பலகை ஏற்குமோ என்பதையும் முன்னரே தெளிக. மற்றொன்று, மேலும் சிறந்ததை நாடுவோர் கையிலுள்ளதை முடித்தபின் நாடுக என்பது. பாபேஜின் பேரறிவுக்குக் குறைவிருந்ததில்லை. முடித்தற் பேறே வாய்க்கவில்லை. அவர் வகுத்த வழியில் நடப்போர் அப்பேற்றையும் எய்துவாராக.