திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார்

நடுநாட்டிலுள்ள திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் குலத்தில் தோன்றியவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் தலந்தோறும் சென்று, சிவபிரான் புகழை யாழிலிட்டு வாசித்தலையே பிறவிப் பயனாகக் கொண்டார். ஈரமண்ணில் யாழின் கட்டுத் தளருமென்று ஆலவாய் இறைவன் அவருக்குப் பொற்பலகை இடுவித்தான். திருவாரூரில் வடதிசையில் வேறொரு வாயில் வகுத்து உள்ளே அழைத்தான்.

பின்னர்ச் சீகாழியை அடைந்து திருஞானசம்பந்தப் பிள்ளையாரைப் பணிந்த பெரும்பாணர், அவர் பாடும் பதிகங்களை யாழிலிடும் பேறு பெற்றார். ஒருநாள் அவர் தாயார் பிறந்த பதியாகிய திருத்தருமபுரத்திற்கு இருவரும் எழுந்தருளினர். இது காரைக்காலை அடுத்துள்ள தலமாகும். அங்கிருந்த பாணரின் சுற்றத்தார், அவர் யாழாலன்றோ பிள்ளையார் பதிகம் உலகிற் பரவுகிறது என்று வியந்தனர். அப்புகழுரை பாணர் செவியில் தீயாய்ப் பாய்ந்தது. யாழில் அடங்காத பதிகமொன்று பாடியருள வேண்டுமென்று பிள்ளையார் திருவடியில் விண்ணப்பித்தார். பிள்ளையாரும் அவ்வாறே பாடினார்.

பாணர் இசைக்க முயன்றார், நரம்பு பின்தொடரவில்லை. இதற்கு இசைவல்லார் கூறும் விளக்கம் ஒன்றுண்டு. பழைய யாழில் நரம்பொன்றுக்குச் சுரம் ஒன்றே. மிடறோ ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு இடையறாது இழைந்து செல்ல வல்லது. அவ்விழைவே கமகத்தின் உயிர். வீணையில் நரம்பை இழுத்து அதனை ஒருவாறு காட்டலாம். யாழில் அதற்கு இடமில்லை.

உடல் நடுங்கிய பாணர், பழிக்குக் காரணம் இக்கருவியே என்று யாழை ஓங்கி உடைக்கப் புகுந்தார். பிள்ளையார் தடுத்து, அதனைத் தம் கையில் வாங்கினார். இறையருளின் பெருமை ஒரு கருவியில் அளவுபடாது. இயன்ற அளவு இசைப்பதே முறைமை என்று உணர்த்தி, யாழை மீண்டும் அளித்தார். பாணர் அதனைத் தலைமேற்கொண்டு ஏற்றார். அப்பதிகம் யாழ்முரி எனப் பெயர் பெற்றது. அத்தலத்து இறைவரும் யாழ்முரிநாதர் ஆயினர்.

திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கர் இல்லத்தில் வேதிகையின் பக்கத்தே இடம்பெற்றபொழுது, வேள்வித்தீ வலஞ்சுழித்து எழுந்து பாணர் பெருமையைக் காட்டிற்று. நல்லூர்ப் பெருமணத்தில் பிள்ளையாரின் திருமணச் சோதியில் அவரும் மனைவியாருடன் கலந்தார். பிற்காலத்தில் தேவாரத்திற்குப் பண்முறை வகுத்தவரும் இவர் மரபில் வந்த ஒரு பெண்மணியே என்று திருமுறைகண்ட புராணம் உரைக்கும்.

திருப்பணிக்குப் பொருள் தருவோரும், உழைப்போரும், பாடுவோரும் அடியார் பிடித்த யாழை ஒப்பர். எவர் தொண்டும் இறைவன் பெருமையை முற்றும் அடக்காது; எனினும் இயன்ற தொண்டை அவன் ஏற்காமலும் விடான். புகழ் வந்தபோது அஞ்சிய பாணரின் பணிவே நாம் வேண்டிப் பெறத்தக்க செல்வம்.

திருச்சிற்றம்பலம்.