ஜூல்ஸ் ரிமே

ஜூல்ஸ் ரிமே (அக்டோபர் 14, 1873 – அக்டோபர் 16, 1956) பிரான்சு நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞரும் கால்பந்து நிர்வாகியும் ஆவார். 1921 முதல் 1954 வரை பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஃபிஃபா) மூன்றாவது தலைவராகப் பணியாற்றினார். உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியைத் தோற்றுவித்தவராக இவர் அறியப்படுகிறார்.

இளமை

ரிமே கிழக்குப் பிரான்சில் உள்ள ஒரு சிற்றூரில், மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பின்னர் இவரது குடும்பம் பாரிசில் குடியேறியது. 1897இல் இவர் நண்பர்களுடன் சேர்ந்து ரெட் ஸ்டார் என்னும் விளையாட்டுக் கழகத்தை நிறுவினார். இக்கழகம் ஏழை, செல்வர் என்ற வேறுபாடு பாராமல் உறுப்பினர்களைச் சேர்த்தது. முதலாம் உலகப் போரில் படையில் பணிபுரிந்த இவர், 1919இல் பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார்.

முதல் உலகக்கோப்பை

அக்காலத்தில் ஒலிம்பிக் போட்டிகள் ஊதியம் பெறாத வீரர்களுக்கு உரியவையாக இருந்தன. விளையாட்டுக்கு ஊதியம் பெறுவது தவறன்று என்பது ரிமேயின் கருத்து. ஊதியமின்றி விளையாடுவது வசதி படைத்தோருக்கே எளிது. எனவே அனைத்து வீரர்களும் பங்கேற்கக்கூடிய தனிப் போட்டி ஒன்றை இவர் வலியுறுத்தினார். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய ஃபிஃபா மாநாடு இதற்கு ஒப்புதல் அளித்தது.

முதல் போட்டியை நடத்தும் வாய்ப்பு, 1924, 1928 ஒலிம்பிக் கால்பந்தில் தங்கம் வென்ற உருகுவேக்குக் கிடைத்தது. விருந்தினர் அணிகளின் பயணச் செலவை ஏற்பதாக அந்நாடு அறிவித்தபோதும், நீண்ட கடற்பயணம் காரணமாக ஐரோப்பிய நாடுகள் தயங்கின. ரிமேயின் முயற்சிக்குப் பின்னரும் பிரான்சு, பெல்சியம், ருமேனியா, யுகோசுலாவியா ஆகிய நான்கு நாடுகளே வந்தன. ரிமே கோப்பையைத் தமது பயணப் பொதியில் வைத்துக்கொண்டு கோன்டே வெர்டே என்னும் கப்பலில் சென்றார். 13 அணிகள் பங்கேற்ற போட்டியின் இறுதியாட்டம் சூலை 30, 1930 அன்று நடைபெற்றது. அதில் உருகுவே 4-2 என்ற கணக்கில் அர்கெந்தீனாவை வென்றது.

பிற்காலம்

கால்பந்து நாடுகளிடையே நட்பை வளர்க்கும் என ரிமே நம்பினார். எனினும் 1934இல் இத்தாலியில் நடந்த போட்டியை முசோலினி அரசு தனது பரப்புரைக்குப் பயன்படுத்திக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் காரணமாக 1942, 1946ஆம் ஆண்டுகளில் போட்டி நடைபெறவில்லை. 1950இல் பிரேசிலில் நடந்த கடைசி ஆட்டத்தில், யாரும் எதிர்பாராத வகையில் உருகுவே வென்றது. அப்போது ஏற்பட்ட குழப்பத்தில், விழா ஏதுமின்றி உருகுவே அணித்தலைவர் வரேலாவிடம் ரிமே கோப்பையை ஒப்படைத்தார்.

1954இல் பதவி விலகிய ரிமே, ஃபிஃபாவின் முதல் மதிப்புறு தலைவரானார். 1956இல் பாரிசுக்கு அருகிலுள்ள சுரேன் நகரில் காலமானார்.

ஜூல்ஸ் ரிமே கோப்பை

சிற்பி ஆபெல் லஃப்லேர் வடிவமைத்த வெற்றிக் கோப்பைக்கு 1946இல் ரிமேயின் பெயர் சூட்டப்பட்டது. மூன்றாம் முறை வென்ற பிரேசில், 1970இல் அதனை நிலையாகப் பெற்றது. 1983இல் ரியோ டி செனீரோவில் திருடப்பட்ட அக்கோப்பை மீட்கப்படவில்லை.