யோபுவிடம் கற்ற துணிவு

இழப்பு வரும்போது இறைவன் நம்மைக் கைவிட்டுவிட்டாரோ என்று அஞ்சுகிறோம். 1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டனும் கால்நடைகளையும் பயிர்களையும் இழந்து கலங்கினார். திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டி லெனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். உடைமைகள் போனாலும் இறைவன் நம்மை விட்டுப் போவதில்லை என்று உணர்ந்த அவர், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

1749-இல் கைதாகி, மூன்று ஆண்டுகள் சிறையும் சித்திரவதையும் அனுபவித்தார். விசுவாசத்தை மறுக்கவில்லை. இழப்பிலே இறைவனைக் கண்டவரை இழப்பைக் காட்டி மிரட்ட முடியுமா? 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அச்சம் நம்மைச் சூழும்போது நாமும் யோபு நூலைத் திறந்து வாசிப்போம், துணிவு பெறுவோம்.