வட துருவ ஒளியின் இரகசியம் தேடிய பிர்க்லாண்ட்

நம் நாட்டு வானில் காணக் கிடைக்காத காட்சி ஒன்று வட துருவத்தை அண்டிய நாடுகளில் உண்டு. குளிர்கால இரவுகளில் பச்சையும் சிவப்புமாக ஒளித்திரைகள் வானில் அசைந்தாடும். இதுவே துருவ ஒளி. இதன் காரணத்தைக் கண்டறியத் தன் வாழ்நாளையே செலவிட்டவர் நோர்வே நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியன் பிர்க்லாண்ட்.

இன்று ஒஸ்லோ எனப்படும் நகரில் 1867 டிசம்பர் 13 ஆம் திகதி அவர் பிறந்தார். கணிதத்திலும் பௌதிகவியலிலும் சிறந்து விளங்கி, முப்பத்தொரு வயதுக்குள் பேராசிரியரானார். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றமுள்ள துணிக்கைகளைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கி இழுக்கிறது. அவை வளிமண்டலத்தில் மோதுவதால் ஒளி பிறக்கிறது என்பது அவரது கருத்து. அதனை மெய்ப்பிக்க வெற்றிடப் பெட்டி ஒன்றினுள் சிறிய காந்தக் கோளத்தை வைத்து, அதன்மீது இலத்திரன்களைப் பாய்ச்சினார். கோளத்தின் இரு துருவங்களைச் சுற்றியும் ஒளிவளையங்கள் தோன்றின.

ஆய்வுகூடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1899 இல் வட நோர்வேயின் ஹால்டே மலையுச்சியில் அவதான நிலையம் அமைத்தார். கடும் பனியில் நடந்த அந்தப் பணியில் இளம் உதவியாளர் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார். இழப்பின் வேதனையோடும் முயற்சியைக் கைவிடாத பிர்க்லாண்ட், 1902-1903 இல் நோர்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பேர்கன், நோவயா செம்லியா ஆகிய நான்கு இடங்களில் ஒரே காலத்தில் காந்த அளவீடுகளை எடுக்கச் செய்தார்.

துருவ ஒளி பிரகாசிக்கும் வேளையில் காந்த ஊசிகள் தடுமாறுவதையும், இக்குழப்பம் சில மணி நேரத்தில் அடங்கிவிடுவதையும் அப்பதிவுகள் காட்டின. விண்வெளியிலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியே மின்னோட்டம் இறங்கி, வளிமண்டலத்தினூடே ஓடி, மீண்டும் மேலேறிச் செல்கிறது என அவர் முடிவு செய்தார்.

ஆய்வுக்குப் பணம் தேடி அவர் மின்காந்தப் பீரங்கி ஒன்றையும் உருவாக்கினார். 1903 இல் மக்கள் முன்னிலையில் அதனை இயக்கியபோது குறுஞ்சுற்று ஏற்பட்டு, பேரொலியுடன் தீப்பொறி பறந்தது. அந்தத் தோல்வியே வேறொரு கதவைத் திறந்தது. அத்தகைய மின்வில்லைக் கொண்டு காற்றிலுள்ள நைதரசனைப் பசளையாக்கும் முறையைப் பொறியியலாளர் சாம் ஐடேயுடன் சேர்ந்து அவர் உருவாக்கினார். 1905 இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் தோன்ற அதுவே வழிவகுத்தது.

நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை. ஓய்வற்ற உழைப்பு உடலை வாட்டியது. உறக்கமின்மைக்காக மருந்தை நாடினார். எகிப்தில் சில ஆண்டுகள் ஆய்வு செய்தபின், உலகப் போர்க் காலத்தில் ஜப்பான் வழியாகத் தாயகம் திரும்ப எண்ணிப் புறப்பட்டார். 1917 ஜூன் 15 ஆம் திகதி டோக்கியோவில் விடுதி அறையொன்றில் உயிரற்றவராகக் காணப்பட்டார். உறக்க மருந்து அளவுக்கு மிஞ்சியிருந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

அவரது மறைவின் பின்னர் சிட்னி சப்மன் போன்ற அறிஞர்கள் அவரது மின்னோட்டக் கருத்தை ஏற்கவில்லை. தரையில் எடுக்கும் அளவீடுகளை மட்டும் கொண்டு இரு தரப்பில் எது சரியெனத் தீர்க்க இயலாதிருந்தது. 1960களில் செய்மதிகள் துருவங்களுக்கு மேலே பறந்து அளந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. அந்த மின்னோட்டங்கள் இன்று அவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

அவர் கண்ட குறுகிய காந்தக் குழப்பங்களை இன்றைய அறிவியல் துணைப்புயல்கள் என்கிறது. சூரியனிலிருந்து ஓயாது வீசும் சூரியக் காற்று தன்னுடன் காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. பூமியின் பகற்பக்க எல்லையில் நமது காந்தப்புலம் வடக்கு நோக்கியிருக்கும். சூரியக் காற்றின் புலம் தெற்கு நோக்கித் திரும்பினால் இரண்டும் இணைந்து, சக்தி உள்ளே நுழைய வழி திறக்கிறது என 1961 இல் ஜேம்ஸ் டங்கி விளக்கினார். அச்சக்தி பூமியின் இரவுப்பக்கத்தில் வால்போல் நீண்டுள்ள காந்தப்புலத்தில் சேர்ந்து, பின்னர் திடீரென விடுபடுகிறது. அவ்வேளையில் துருவ ஒளி பொங்கிப் பரவுகிறது. சூரியக் காற்றின் புலம் வடக்கு நோக்கியிருந்தாலோ அவ்வழி பெரும்பாலும் மூடியே கிடக்கும்.

இந்த விளக்கத்தைக் கேட்க பிர்க்லாண்ட் உயிரோடு இல்லை. எனினும் உறைபனியில் அவர் சேகரித்த பதிவுகள் அழியவில்லை. கண்ணால் கண்டதைப் பொறுமையோடு அளந்து எழுதி வைத்தவரின் உழைப்பு, அரை நூற்றாண்டு கழித்தும் அவருக்காகச் சாட்சி சொன்னது.